மரக்கிளையும் மான் தலையும்

அன்புள்ள ஐயா,

சின்ன வயதில் பார்த்த ஆங்கில நகைச்சுவைத் தொடர். நெட்டையான ஓட்டல்காரர் ஒருவர், வழியில் நின்றுபோன காரை மரக்கிளையால் விளாசுகிறார். சுவரில் மாட்டிய மான் தலை பேசுகிறது, கடைசியில் அவர் தலையிலேயே விழுகிறது. தொடர் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ என்று தெரிந்துவிட்டது. ஆனால் எந்த எபிசோடின் கதைச்சுருக்கத்திலும் இந்த இரண்டும் சேர்ந்து வரவில்லை. அந்த எபிசோடை எடுத்துவிட்டார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எடுத்துவிட்ட எபிசோட் எதுவும் இல்லை. இந்தத் தொடரில் மொத்தமே 12 எபிசோடுகள்தான். 1975இல் 6, 1979இல் 6. நீங்கள் சொல்வது அடுத்தடுத்த வாரங்களில் ஒளிபரப்பான இரண்டு எபிசோடுகள்.

கார் வருவது ‘கூர்மே நைட்’, 17 அக்டோபர் 1975. மெக்கானிக்கிடம் விடாமல் ஓட்டல்காரர் பேசில் தானே காரை நோண்டுவது தொடக்கத்திலேயே காட்டப்படுகிறது. விருந்தன்று சமையல்காரர் குடித்துவிட்டு விழுந்துகிடக்க, வாத்து வறுவலை வேறொரு உணவகத்திலிருந்து கொண்டுவர வேண்டியதாகிறது. முதல் வாத்து ஓட்டல் பணியாளர் மானுவலின் காலில் மிதிபடுகிறது. இரண்டாம் முறை போய்த் திரும்பும்போதுதான் கார் நிற்கிறது, கிளை ஒடிகிறது. ஓட்டமும் நடையுமாக வந்து மூடியைத் திறந்தால் உள்ளே வாத்து இல்லை, டிரைஃபிள் என்ற இனிப்பு! அதற்குள் கைவிட்டு வாத்தைத் தேடுவார் பாருங்கள், பேசிலாக நடித்த ஜான் கிளீஸின் உடல்மொழிக்கு அந்த ஒரு காட்சி போதும். காரில் விழுந்த அடிக்கு விதை முதல் காட்சியிலேயே போடப்பட்டிருப்பதுதான் இந்தக் கதையமைப்பின் அழகு.

மான் தலை வருவது 24 அக்டோபரில் வந்த ‘தி ஜெர்மன்ஸ்’. வரவேற்பு மேசைக்குப் பின்னால் மறைந்திருந்து மானுவல் ஆங்கிலம் பேசிப் பழக, மான்தான் பேசுகிறது என்று ஓட்டலிலேயே தங்கியிருக்கும் முதியவர் மேஜர் நம்பிவிடுகிறார்.

‘கோபக்கார ஓட்டல் முதலாளி’ என்று தேடினால் பன்னிரண்டும் வந்து நிற்கும், ஏனென்றால் அவர் கோபப்படாத எபிசோடே கிடையாது. ஒரு பொருளையும் அதை வைத்து நடக்கும் செயலையும் சேர்த்துத் தேடுங்கள்: கிளை–கார், வாத்து–டிரைஃபிள். வசனத்தை நம்பித் தேடாதீர்கள். புகழ்பெற்ற வசனங்கள் எபிசோடைப் பார்க்காதவர்கள் வாயிலும் புழங்குவதால், எங்கே கேட்டோம் என்பதே குழம்பிவிடும். இரண்டு காட்சிகள் ஒரே சுருக்கத்தில் அகப்படாவிட்டால், தனித்தனியாகத் தேடுவதுதான் அடுத்த வேலை.

வீடியோ கையில் இருந்தால் முதல் நிமிடமே காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டல் பெயர்ப்பலகையின் எழுத்துகள் இடம்மாறி ‘வார்ட்டி டவல்ஸ்’ என்றிருந்தால் அது கார் எபிசோட். பலகையே இல்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிந்தால் மான் எபிசோட்.

நடுவிலிருந்து பார்க்க நேர்ந்தால் மனைவி சிபில் எங்கே என்று கவனியுங்கள். கார் எபிசோடில் சாப்பாட்டு அறையில் விருந்தாளிகளிடம் கதையளந்து நேரத்தைக் கடத்திக்கொண்டிருப்பார். மான் எபிசோடில் கால் நகச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருப்பார்.