மாதாமாதம் ஊசியா, ஒரேயடியாக ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு பிள்ளைகள், மூத்தவள் பிளஸ் டூ படிக்கிறாள். போன வருடம் இடது மார்பில் கட்டியை எடுத்து, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்துவிட்டேன். ஹார்மோன் பாசிட்டிவ் வகை என்றார்கள். மாதவிலக்கு திரும்ப வந்துவிட்டதால், 28 நாளைக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி, கூடவே லெட்ரோசோல் மாத்திரை, ஐந்து வருடம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு ஊசி போட்டாயிற்று. உடம்பு திடீர் திடீரென்று திகுதிகுவென எரிகிறது. மதுரைக்குப் போய்வர ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது. "சினைப்பையை எடுத்துவிட்டால் இந்த அலைச்சலே இல்லையே" என்கிறார் கணவர். "கர்ப்பப்பையையும் சேர்த்தே எடுத்துவிடு" என்கிறார் மாமியார். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. ஊசி, ஆபரேஷன் இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். உங்கள் வகைக் கட்டிக்குத் தீனி ஈஸ்ட்ரோஜன். அது சினைப்பையிலிருந்து வராமல் நிறுத்துவதுதான் நோக்கம். நோய் திரும்பாமல் தடுப்பதில் ஒன்று ஒசத்தி, மற்றது மட்டம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆபரேஷனும் புதிதல்ல. 1895-லேயே கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற சர்ஜன், மார்பகப் புற்றுநோய் முற்றிய ஒரு பெண்ணுக்குச் சினைப்பைகளை எடுத்துவிட்டு, கட்டி சுருங்குவதைப் பார்த்தார். ஹார்மோன் என்ற பெயரே அப்போது கிடையாது.

வித்தியாசம் எங்கே என்றால், ஊசியை நிறுத்தினால் சினைப்பை மறுபடி விழித்துக்கொள்ளலாம், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. உங்கள் முடிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. அதனால் இரண்டு ஊசியோடு முடிவெடுக்காதீர்கள், ஆறு மாதமாவது போட்டுப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. சினைப்பை இல்லாமல் வாழ்வது எப்படி இருக்கும் என்று உங்கள் உடம்பே அதற்குள் காட்டிவிடும். எரிச்சல், தூக்கமின்மை, மூட்டுவலி, பிறப்புறுப்பு வறட்சி எல்லாம் எந்த அளவுக்கு வருகிறது, மருந்துக்கு அடங்குகிறதா என்று தெரிந்துகொண்டு ஆபரேஷன் மேஜைக்குப் போவது வேறு, தெரியாமல் போவது வேறு. இயற்கையாக மாதவிலக்கு நிற்பது நம் ஊரில் பெரும்பாலும் 45-லிருந்து 50-க்குள்; உங்களுக்கு அது சில வருடம் முன்னாலேயே, அதுவும் ஒரே நாளில் வரும். எலும்பும் இதயமும் அதைத் தாங்க வேண்டும். மற்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்துச் சமாளிக்கலாம், உங்களுக்கு அந்த வழி கிடையாது.

ஊசிக்கும் குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 28 நாளைக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 13, ஐந்து வருடத்துக்கு 65 ஊசி! தள்ளிப்போனால் சினைப்பை மெல்லத் தலைதூக்கும், அந்த நேரத்தில் லெட்ரோசோல் மட்டும் உள்ளே போனால் அது சினைப்பையை இன்னும் தூண்டிவிடவும் கூடும். முறையாகப் போட்டாலும் சிலருக்கு ஈஸ்ட்ரோஜன் முழுசாக அடங்குவதில்லை, குறிப்பாக இளவயதினருக்கு. ரத்தத்தில் எஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) அளவைப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குறைந்த அளவையும் துல்லியமாகக் காட்டுகிற லேபாக இருக்க வேண்டும். ஊசி போட ஆரம்பித்த பிறகு ரத்தப்போக்கு வந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

ஒரு நாள் சம்பளம் போகிறது என்பது சின்ன விஷயமில்லை. அதற்கு ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. மருந்தை வாங்கிவந்து, டாக்டரின் சீட்டோடு, பக்கத்தில் இந்த ஊசி போட்டுப் பழகியவர்களிடம் போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று போடும் ஊசியும் இருக்கிறது, எல்லா டாக்டர்களும் அதை விரும்புவதில்லை, கேட்பதில் தப்பில்லை. ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் முதலமைச்சர் காப்பீட்டில் எது கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டு கவுன்டரில் விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், முக்கியமாக, பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்களா? 41 வயதில் நோய் வந்தவருக்கு அதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அம்மா, சித்தி, அக்கா தங்கை யாருக்காவது மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் இன்னும் அவசியம். அதில் கோளாறு தெரிந்தால் நான் இதுவரை சொன்ன தராசே சாய்ந்துவிடும். சினைப்பைப் புற்றுநோய்க்கான அபாயமே அதிகம் என்பதால் ஆபரேஷன்தான் சரி; கருக்குழாய்களையும் சேர்த்து எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் புற்றுநோய் பல சமயம் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது.

பரிசோதனையில் ஒன்றுமில்லை, ஆறு மாதம் ஊசியும் ஒத்துக்கொண்டது, இனி குழந்தை வேண்டாம், ஆனால் 65 முறை முடியாது என்றால், தாராளமாக ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். லேப்ராஸ்கோப்பியில் சின்னச் சின்னத் துளை போட்டே செய்கிறார்கள். அதற்குமுன் டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் நிலையைப் பார்த்துவிடுங்கள். லெட்ரோசோல் அதற்குப் பிறகும் தொடரும். கொழுப்புத் திசுவிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டாகிறதே, அதைத் தடுக்க. "எடுத்தாச்சு, இனி மாத்திரை எதற்கு" என்று விட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

மாமியாரிடம் சொல்லுங்கள்: கர்ப்பப்பை இந்த ஹார்மோனைச் சுரப்பதில்லை. அதில் தனியாக ஏதும் கோளாறு இல்லாதவரை அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு 33 வயது. இதே ஊசியும், லெட்ரோசோல் போன்ற எக்ஸெமெஸ்டேன் மாத்திரையும் எடுக்கிறேன். மாதவிலக்கு நின்றுவிட்டது. கர்ப்பத்தடை தேவையா? பிறகு ஒரு குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை.
- வாசகி, சேலம்

பதில்: தேவைதான். மாதவிலக்கு நின்றுவிட்டது என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள், இந்த மருந்துகள் கருவைப் பாதிக்கும். ஆணுறை அல்லது காப்பர் டி. ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை கூடவே கூடாது. நீங்கள் ஆபரேஷன் பக்கம் போகவே வேண்டாம், பிஆர்சிஏ கோளாறு இருந்தால் அது தனிப் பேச்சு. ஊசியையும் பாதியில் விட்டுவிடாதீர்கள். 35 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் டமாக்ஸிஃபென் (கட்டியில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யாமல் தடுக்கும் மாத்திரை) மட்டும் எடுத்தவர்களில் ஐந்து வருட முடிவில் நூற்றுக்குச் சுமார் 68 பேருக்கு மார்பகப் புற்றுநோய் திரும்பவில்லை, சினைப்பையை அடக்கி எக்ஸெமெஸ்டேனும் எடுத்தவர்களில் சுமார் 83 பேருக்குத் திரும்பவில்லை என்று சாஃப்ட் என்ற ஆய்வு காட்டியது. குழந்தை ஆசைக்கும் வழி இருக்கிறது: 18-லிருந்து 30 மாதம் வரை சிகிச்சை எடுத்துவிட்டு, கர்ப்பத்துக்காக இரண்டு வருடம் வரை நிறுத்தியவர்களுக்கு, அந்தக் குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023-ல் வந்த 'பாசிட்டிவ்' என்ற பெயருள்ள ஆய்வில் தெரிந்தது. நிறுத்திய உடனே முயற்சி செய்யக் கூடாது, அந்த ஆய்வில் மூன்று மாதம் இடைவெளி விட்டார்கள். இந்த ஆசையை உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் அடுத்த ஊசிக்குப் போகும்போதே சொல்லிவிடுங்கள், நிறுத்துகிற மாதத்தை அவர் இப்போதே குறித்துவைத்துக்கொள்ளட்டும்.