பூனை முக்கினால் உடனே மலச்சிக்கல் என்று முடிவு கட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு வயது லேப்ரடாரும் மூன்று வயது ஆண் பூனையும் இருக்கின்றன. போன மாதம் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தோம். மறுநாள் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்த பிறகுதான் டாக்டரிடம் ஓடினோம். சிறுநீர் அடைப்பு என்றார், நல்லவேளை பிழைத்துவிட்டது. எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்குக் காலை வரை பொறுக்கலாம்? இரவில் இங்கே கால்நடை மருத்துவர் கிடைப்பது கஷ்டம். (திருச்சி மாவட்ட வாசகி)

பதில்: பிழைத்தது பெரிய விஷயம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் ரொம்பவும் குறுகலாக இருக்கும். மணல் போன்ற படிகமோ சளிபோன்ற கட்டியோ அங்கே அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டுகூட வெளியே வராது, மூத்திரப்பை கல் மாதிரி இறுகி, சிறுநீரகம் திணறி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத்துடிப்பு தடுமாறி, இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். முக்குவது, கத்துவது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருப்பது, இவையெல்லாம் மலச்சிக்கல் போலத்தான் தெரியும். அதனால் மணலைக் கிளறிப் பாருங்கள். சிறுநீர் பட்ட ஈரக்கட்டி இருக்கிறதா? இல்லையென்றால் எண்ணெயும் வேண்டாம், யோசனையும் வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடலாம். ஒரு தடவை அடைத்த பூனைக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம், உலர் தீனியைக் குறைத்து ஈர உணவும் தண்ணீரும் நிறைய உள்ளே போகப் பாருங்கள்.

சரி, பொதுவாக எப்படி முடிவெடுப்பது? உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கறுத்த ஈறு உள்ள நாய் என்றால் கீழ் இமையின் உட்பக்கம் பாருங்கள். வெள்ளை, நீலம், பழுப்பு, இதில் எதைப் பார்த்தாலும் காலை வரை பொறுக்கிற பேச்சே இல்லை. அப்புறம் மூச்சு. தூங்கும்போது நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் பயமில்லை. நாய் ஓடிவிட்டு வந்து நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது இயல்பு, ஆனால் பூனை சும்மா உட்கார்ந்தபடி வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது அவசரம்தான். இவற்றை நோய் இல்லாத ஒரு நாளிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே மாறியது தெரியும்.

ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு திரிகிற பெரிய நாய், காலை லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தாலும் நன்றாகச் சாப்பிடுகிற நாய், இவற்றுக்கெல்லாம் காலை வரை பொறுக்கலாம். குட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக இருந்தால் பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம், சில மணி நேரத்தில் நீர் வற்றித் துவண்டுவிடும். பெரிய நாயிலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: குமட்டிக் குமட்டி எதுவும் வெளியே வராமல், வயிறு உப்பி, நிலைகொள்ளாமல் அலைந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போல ஆழமான மார்புள்ள நாய்களில் அதிகம். இதற்கு அறுவை சிகிச்சைதான், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

உங்கள் லேப்ரடாருக்கு நான் பயப்படுவது திருச்சி வெயிலுக்குத்தான். நாயின் இயல்பு வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தொட்டால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். அடங்காத இரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி என்று பார்த்தால் முதலில் குளிர்வியுங்கள், அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி ஃபேனைப் போடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே நின்றுவிடும். 103-க்கு வந்ததும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

விஷம் விஷயத்தில்தான் நம் வீடுகளில் கைவைத்தியம் ரொம்ப விளையாடுகிறது. உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது பழைய பழக்கம், அந்த உப்பே மூளையைத் தாக்கிக் கொன்றுவிடும். மண்ணெண்ணெய், ஆசிட், பினாயில் குடித்திருந்தால் வாந்தி எடுக்கவே வைக்கக் கூடாது. பாலும் மருந்து அல்ல. எலி மருந்திலும் ஒன்றுக்கொன்று வேறு. ரத்தம் உறையாமல் செய்கிற வகையைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகவே திரியும், பிறகுதான் உள்ளே ரத்தம் கசியும். தின்ற அன்றே போனால் வைட்டமின் கே1 கொடுத்துப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். துத்தநாக பாஸ்பைடு வகை சில மணி நேரத்திலேயே கொல்லும், வயிற்றில் நச்சு வாயு உண்டாகிறது, வாந்தியிலும் அந்த வாயு இருக்கும் என்பதால் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். எது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும், காலி பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே போதும் உயிரைக் குடிக்க. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். கொடுத்தாயிற்று என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், முறிவு மருந்து இருக்கிறது. நாய்க்குச் சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, சர்க்கரை இல்லாத சூயிங்கம் ஆகாது.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவியும் வேண்டாம், வாய்க்குள் கையும் வேண்டாம். பக்கத்துச் சாமான்களை நகர்த்திவிட்டு நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலோ ஓடுங்கள். பாம்புக்கடிக்குக் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதர்களுக்குப் போடுகிற அதே விஷமுறிவு மருந்தைத்தான் நாய்க்கும் போடுகிறார்கள்.

இரவுக்கு வழி பகலிலேயே தேட வேண்டும். இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் "ராத்திரி அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது" என்று நேராகக் கேளுங்கள். ஒரத்தநாடு, நாமக்கல் இரண்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு, இரவில் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். 1962 உதவி எண் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கான சேவை, அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். வலியில் இருக்கிற நாய் உங்களையே கடிக்கும், துப்பட்டாவால் வாயைத் தளர்வாகக் கட்டித் தூக்குங்கள், வாந்தியோ மூச்சுத்திணறலோ இருந்தால் மட்டும் கட்டாதீர்கள். போனில் எடை, என்ன ஆனது, எத்தனை மணிக்கு, ஈறு என்ன நிறம், இந்த நாலையும் முதலில் சொல்லுங்கள். கதையை அப்புறம் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.