பழைய சிறிய வேன் ஒன்றின் பராமரிப்பையும் மேம்பாடுகளையும் நாமே செய்துகொள்ள முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் பட்டியலின் வரிசையை முதலில் மாற்ற வேண்டும். பின்பகுதிக்குத் தரைப்பலகை, மடக்குப் படுக்கை, விளக்குகள், சிறிய குளிர்பெட்டி, அதற்கென இரண்டாவது பேட்டரி என்று எழுதிவிட்டு, ஆயில், பிரேக், துரு ஆகியவற்றை "நேரம் கிடைக்கும்போது" என்று கடைசியில் வைத்திருக்கிறீர்கள். சிறிய வேனில் இந்த வரிசை சரிப்படாது. காரில் எஞ்சின் மூடியைத் திறந்தால் பெரும்பாலான வேலைகளுக்குக் கை எட்டிவிடும். வேனிலோ, பழுது பார்க்க எட்ட வேண்டிய இடங்கள் பலவும் நாம் பலகை அடிக்க நினைக்கும் இடத்துக்கு அடியிலேயே இருக்கின்றன.

பல சிறிய வேன்களில் எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. இருக்கையை மடக்கி மூடியைத் தூக்கினால்தான் ஸ்பார்க் பிளக்கும் காற்று வடிகட்டியும் கண்ணுக்குத் தெரியும். சில வண்டிகளில் எரிபொருள் பம்பை எட்டுவதற்கான சிறு மூடி தரை விரிப்புக்கு அடியில் மறைந்திருக்கும். உதிரிச் சக்கரத்தை இறக்கும் திருகு பின்கதவு ஓரத்தில் இருக்கும். கதவுத் தாழ்ப்பாளின் கம்பிகளும் பின்விளக்கின் வயர்களும் உட்புறப் பலகைகளுக்குப் பின்னால் ஓடும். இவற்றையெல்லாம் மறைத்து அழகாகத் தரை போட்டுவிட்டால், அடுத்த பழுதின்போது நீங்களே உங்கள் வேலையை உடைக்க வேண்டியிருக்கும். எனவே நான் ஒரே ஒரு விதியைப் பின்பற்றுகிறேன்: சாதாரண ஸ்பேனரால் கழற்ற முடியாத எதையும் வேனில் பொருத்துவதில்லை. பசை போட்டு ஒட்டிய தரையைவிட, போல்ட்டால் இறுக்கிய, மூடிகளுக்கு நேராகத் திறப்புகள் வெட்டிய தரை பார்வைக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலும் பல மடங்கு மேலானது.

அடியில் படுத்துச் செய்யும் வேலைக்கு முன் ஒரு சொல். வண்டியோடு வரும் ஜாக் சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அது மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட நுழைக்கக் கூடாது. எடைக்கு ஏற்ற ஸ்டாண்டுகள், கெட்டியான சமதளம், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை ஆகியவை அமைந்த பிறகு, வண்டியை வலுவாக அசைத்துப் பார்த்துவிட்டே கீழே போக வேண்டும். பழைய வேனில் ஜாக் வைக்கும் புள்ளியே துருப்பிடித்து மெலிந்திருக்கலாம் என்பதால் அதைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்ப்பதும் நல்லது.

ஆயில் மாற்றுவது எளிது. எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது வடியவிட்டு, வடிகால் திருகுக்குப் புதிய வாஷர் போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். அலுமினிய ஆயில் தட்டின் மரை மிக எளிதில் தேய்ந்துவிடும். வடிகட்டியின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, அது தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று திருப்பினால் போதும். வண்டி பெரும்பாலும் குறுந்தூரமே ஓடுகிறது என்றால் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதக் கணக்கைப் பார்த்து மாற்றுவது சரி. டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வுகளும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் பட்டை) உள்ள எஞ்சினாக இருந்து, அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையென்றால், ஓடிய தூரம் எதுவாக இருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். பல எஞ்சின்களில் ஓட்டத்தின்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும்.

கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், விஷயத்தில் வேனுக்கென்று தனிச் சிக்கல் உண்டு. எஞ்சின் இருக்கைக்குக் கீழேயும் ரேடியேட்டர் முன்முனையிலும் இருக்கும் வண்டிகளில் இரண்டையும் இணைக்கும் குழாய்கள் நீளமானவை. கூலண்டை வடித்து மறுபடி நிரப்பும்போது காற்று அந்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். ஆகவே கையேடு காட்டும் காற்று நீக்கும் திருகுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஹீட்டரின் கட்டுப்பாட்டை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக நிரப்ப வேண்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்றே வந்தால், உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று ஐயப்படலாம். ரேடியேட்டர் மூடியையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி தாங்கிப் பிடிக்கும் சுமார் 1 பார் அழுத்தம்தான் அதை 120 டிகிரிக்கும் மேலே தள்ளுகிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் மேட்டில் சுமையோடு ஏறும்போது கொதிக்கும், சமதளத்தில் எந்தக் குறையும் தெரியாது. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதே அழுத்தம்தான் காரணம். இன்னொன்று, கூலண்டின் நிறம் அதன் வகையைக் காட்டும் பொதுத் தரக்குறி அல்ல. நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டைக் கலக்க வேண்டாம்.

பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 (DOT 4) என்ற தரத்துக்குரிய திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரம் அனுமதிக்கும் கீழெல்லை 155 டிகிரி. நிறைந்த சுமையோடு நீண்ட இறக்கத்தில் இறங்கும் வண்டிக்கு இந்த இடைவெளி பெரிது. திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம். பின்சக்கர டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதவோ காற்றழுத்தக் குழாயால் அடிக்கவோ வேண்டாம். டிரம்மில் உரசும் பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், ஆகவே ஈரத்துணியாலோ பிரேக் துடைக்கும் திரவத்தாலோ நனைத்துத் துடையுங்கள்.

டயரில் தேய்மானத்தை மட்டும் பார்த்து நிறுத்தாமல் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்களையும் படியுங்கள். தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். சுமைக் குறியீடு 82 என்றால் ஒரு டயர் 475 கிலோவையும், 88 என்றால் 560 கிலோவையும் தாங்கும். முந்தைய உரிமையாளர் வேனுக்குக் கார் டயரை மாட்டியிருப்பது அரிதல்ல. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ உள்ள அளவைப் பார்த்து நிரப்புங்கள். பின்சக்கரங்களுக்கு முழுச் சுமைக்கென்று தனி அளவு இருக்கும்.

அடுத்து துரு. தரைப்பலகை போடுவதற்கு முன் துருவைப் பார்க்கத் தவறினால், அடுத்து அது கண்ணில் படுவதற்குள் தகடு ஓட்டையாகியிருக்கும். சக்கர வளைவுகள், கதவுகளின் கீழ்விளிம்பு, பக்கவாட்டுப் படிகளின் உட்புறம், கூரை ஓரத்து நீர்க்கால் ஆகியவையே முதலில் அரிக்கும் இடங்கள். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை ஒரு மெல்லிய கம்பியால் திறந்துவிடுங்கள். துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவிக் காயவிட்டு, துத்தநாகம் கலந்த பிரைமரும் அதன் மேல் பெயிண்டும் அடிக்க வேண்டும். கை நுழையாத உட்குழிகளில் மெழுகைத் தெளிக்க வேண்டும். நீங்கள் புதிதாகப் போடும் ஒவ்வொரு துளையும் ஒரு புதிய துருவின் தொடக்கம் என்பதால், துளையின் விளிம்பைத் தேய்த்து உடனே பிரைமர் தொட்டு வைப்பதும், துளையிடும் முன் கீழே குனிந்து அங்கே பிரேக் குழாயோ எரிபொருள் தொட்டியோ வயர்க் கட்டோ இல்லை என்று உறுதிசெய்வதும் தவிர்க்க முடியாதவை. (பக்கக் கதவு இழுக்கக் கடினமாக இருந்தால் அதன் தடத்தில் கிரீஸை அப்பாதீர்கள், மண்ணைப் பிடித்து அரைக்கும். தடத்தைத் துடைத்துச் சிலிக்கான் தெளிப்பையும், உருளைகளின் அச்சில் மட்டும் கிரீஸையும் இடுங்கள்.)

இனி நீங்கள் விரும்பும் பகுதிக்கு வரலாம். ஆனால் பலகை வாங்கும் முன் எடைக் கணக்கு ஒன்று போடுங்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதே உங்கள் இருப்பு. ஆட்களும் அதற்குள் அடங்க வேண்டும். எட்டுக்கு நாலு அடி அளவுள்ள 12 மி.மீ. பிளைவுட் ஒன்று 20 கிலோவைத் தாண்டும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி 25 முதல் 30 கிலோ இருக்கும். எடை கூடிவிட்டது என்று பின்பக்கம் கூடுதல் ஸ்பிரிங் போடுவோர் உண்டு. அது வண்டியின் உயரத்தைச் சரிசெய்யுமே தவிர, அனுமதிக்கப்பட்ட எடையை உயர்த்தாது. மேலும், பல வேன்களில் பின் அச்சின் உயரத்தைப் பார்த்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. கடினமான ஸ்பிரிங் வண்டியைத் தாழவிடாதபோது, அந்த வால்வு வண்டி காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். ஸ்பிரிங்கை மாற்றினால் அந்த வால்வின் இணைப்பையும் சரிசெய்தாக வேண்டும். இதைச் செய்யாத வண்டிகளே அதிகம் என்பது என் கணிப்பு.

மின்வேலையில்தான் வீட்டில் செய்வோர் அவசரப்படுகிறார்கள், வண்டி தீப்பிடிக்கும் வாய்ப்பும் இங்கேதான் அதிகம். மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, இப்போதுள்ள நிலையை முதலில் அளந்துகொள்ளுங்கள். சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி தீர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால், பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது எனலாம். புதிய வண்டிகள் சிலவற்றில் இந்த மின்னழுத்தம் தேவைக்கேற்ப ஏறி இறங்கும்; அவற்றில் இரண்டாவது பேட்டரியை வெறும் ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) மூலம் இணைத்தால் அது முழுமையாக நிரம்பாது, மின்னழுத்தத்தைச் சரியான அளவுக்கு மாற்றித் தரும் டிசி–டிசி சார்ஜர் தேவைப்படும். லித்தியம் பேட்டரி என்றால் எந்த வண்டியிலும் இதையே பரிந்துரைப்பேன்.

குளிர்பெட்டியின் கணக்கு இது: கம்ப்ரசர் வகைச் சிறிய பெட்டி ஓடும்போது ஏறத்தாழ 4 ஆம்பியர் எடுக்கும், நாளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி நேரம் வரை ஓடினால் 32 முதல் 48 ஆம்பியர்-மணி வரை செலவாகும். ஈய அமில பேட்டரியில் பாதிக்குமேல் தீர்ப்பது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதால், 100 ஆம்பியர்-மணி பேட்டரி நின்ற இடத்தில் ஒரு நாளைக்குத்தான் வரும். வயரின் தடிமனையும் இப்படியே கணக்கிட வேண்டும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளியிருக்கும் சாதனத்துக்குப் போக, வர 10 மீட்டர் வயர், 2.5 சதுர மி.மீ. தாமிர வயரில் 10 ஆம்பியர் பாய்ந்தால் வழியிலேயே ஏறத்தாழ 0.7 வோல்ட் இழப்பாகும். 6 சதுர மி.மீ. வயரில் அது 0.3 வோல்ட்டாகக் குறையும். குளிர்பெட்டி காரணமின்றி நின்றுபோகிறது என்று குறைபடுவோர் பெட்டியைச் சந்தேகிக்கும் முன் இந்த இழப்பை அளந்து பார்க்கலாம்.

ஃபியூஸ் என்பது வயரைக் காப்பதற்கு. சாதனத்தைக் காப்பதற்கு அல்ல. ஆகவே அது பேட்டரியின் நேர்முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். சாதனத்தின் பக்கத்தில் வைத்த ஃபியூஸ், நடுவழியில் தகட்டில் உரசித் தோலுரிந்த வயரைக் காப்பாற்றாது. தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் போடாத வயர் ஒருநாள் நிச்சயம் உரியும். எர்த் இணைப்புக்கு (எதிர்முனையை வண்டியின் உடலோடு இணைப்பது) பெயிண்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

முகப்பு விளக்கு மங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாலஜனுக்காக வடிவமைத்த விளக்குக்குள் எல்இடி பல்பைச் சொருகுவது எனக்கு உடன்பாடில்லை. ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும், பல நாடுகளில் சட்டத்துக்கும் புறம்பானது. ஹாலஜன் பல்புக்கு வரும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். பழைய வேன்களில் முழு மின்னோட்டமும் ஸ்டீயரிங் அருகிலுள்ள சுவிட்ச் வழியாகச் சுற்றி வருவதால் இந்த இழப்பு சாதாரணம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கும், 87ஆம் முனையிலிருந்து விளக்குக்கும் தடித்த வயர் கொடுத்து, பழைய விளக்கு வயரை 86க்கும் எர்த்தை 85க்கும் இணைத்தால், அதே பல்பு புதிது போல எரியும். பல்புக்குரிய வாட் அளவை மட்டும் கூட்டாதீர்கள்.

வெப்பத்தடுப்புக்கும் சத்தத்துக்கும் தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. அதிர்வைக் குறைக்கும் பியூட்டைல் தாள் தகட்டின் கால்பங்குப் பரப்பில் ஒட்டினாலே பெரும்பயன் கிடைத்துவிடும். மீதிக்கு நீரை உறிஞ்சாத மூடிய நுண்ணறை ஃபோம் போதும். எஞ்சின் மூடியின் அடிப்பக்கத்தில் மட்டும் தீப்பற்றாத, சூடு தாங்கும் பொருளையே வையுங்கள். அந்த மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையையும் பின்கதவின் ரப்பரையும் புதிதாக மாற்றுவது நான் அறிந்த மேம்பாடுகளில் மிகக் குறைவாகப் பாராட்டப்படுவது: சத்தமும் சூடும் குறைவதோடு, புகைக்குழாய் எங்காவது கசிந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும் வழியும் அடைபடுகிறது. உள்ளே தூங்கும் எண்ணம் இருந்தால் அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும், ஏனெனில் அதற்கு மணமில்லை.

எரிபொருள் குழாய், ஏர்பேக் வயர்கள், ஸ்டீயரிங் இணைப்புகள், சமையல் எரிவாயு இணைப்பு ஆகியவற்றை நான் தொடுவதில்லை. நீங்களும் பயிற்சி பெற்றவரிடமே கொடுங்கள். எல்லாம் பொருத்தி முடித்த பின், தண்ணீரும் சாமானும் ஏற்றிய நிலையில் எடைமேடைக்குப் போய் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் முகப்பு விளக்கின் கோணத்தைக் கீழிறக்கி வைத்துவிட்டு, செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.