ஒரே ஏஜென்ட், இரண்டு யோசனை

கேள்வி: இப்போதிருக்கும் வீட்டை விற்றுவிட்டுப் பெரிய வீட்டுக்கு மாறப் போகிறோம். இரண்டையும் ஒரே ஏஜென்ட்தான் பார்க்கிறார். "வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள், சந்தை இறங்குகிறது" என்கிறார். வாங்கும் வீட்டுக்கோ, "விலை ஏறுகிறது, இந்த வாரமே அட்வான்ஸ் போடுங்கள்" என்கிறார். அனுபவசாலி, நல்ல மனிதர். நம்பலாமா?

பதில்: நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவர் சொன்ன இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரே வட்டாரத்தில் ஒரே வாரத்தில் சந்தை ஏறவும் இறங்கவும் செய்யாது. சீக்கிரம் கைமாற வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு யோசனையும் ஒத்துப்போகின்றன.

அதற்காக அவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். கமிஷன் கணக்கு அப்படி. 2 சதவீதம் என்று வையுங்கள். 100க்கு விற்றால் அவருக்கு 2. கொஞ்சம் காத்திருந்து 104க்கு விற்றால் உங்களுக்குக் கிட்டத்தட்ட 4 கூடுகிறது, அவருக்கு 0.08தான். அதற்கு அவர் இன்னும் பத்துப் பேருக்குக் கதவைத் திறந்து காட்ட வேண்டும். அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை லெவிட், சைவர்சன் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். ஏஜென்ட்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள், சுமார் 3.7 சதவீதம் அதிக விலையும் பெறுகிறார்கள் என்று அதில் தெரிந்தது.

அதனால் அவரிடமே கேளுங்கள்: "இது உங்கள் வீடு என்றால் இந்த விலைக்குக் கொடுப்பீர்களா?" கொடுப்பேன் என்றால், பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீடுகளின் விலையைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் கேட்ட விலை வேண்டாம், கைமாறிய விலை வேண்டும்.

இன்னொன்று. சந்தை நிஜமாகவே இறங்கினால் அது உங்களுக்கு நல்லதுதான். உங்கள் வீடு 60, வாங்குவது 100 என்றால் நீங்கள் போட வேண்டியது 40. இரண்டும் 10 சதவீதம் இறங்கினால் 54, 90. வித்தியாசம் 36 ஆகிறது. ஏறினால் 44. அதாவது அவர் விற்கச் சொன்ன காரணம் உண்மை என்றால், வாங்க அவசரமே இல்லை.

ஆனால் வீட்டைப் பார்க்கும்போது அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாலு சுவரில் ஒன்றுக்கு மட்டும் ஏன் புதுப் பெயின்ட், அலமாரியை நகர்த்தினால் பின்னால் ஈரம் கசிகிறதா என்பதையெல்லாம் அந்தக் கண் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடும். அந்த அனுபவத்துக்குக் கொடுக்கும் கமிஷன் வீணில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது: இந்த வாரம் அட்வான்ஸ் போடாதீர்கள். முதலில் உங்கள் வீட்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம் ஆகட்டும். இல்லாவிட்டால் இரண்டு வீட்டையும் ஒரே சம்பளம் சுமக்க நேரும். அப்புறம் வாங்கும் ஒப்பந்தத்தில், கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும்.