உப்புக் காற்றில் பிக்கப் வண்டி: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துருவைப் பற்றியவை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலைப் பார்த்தபடி வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அதுதானே முதல் கவலை. ஒரு வேண்டுகோளை மறுபடியும் வைக்கிறேன். என்ன வண்டி, எந்த வருட மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதுங்கள். 'என் பிக்கப்பில் சத்தம் வருகிறது, என்ன செய்ய?' என்று ஒரே வரியில் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

திருவொற்றியூர் வாசகர்: பிக்கப்புக்குக் காற்று எவ்வளவு பிடிக்க வேண்டும்?

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். காலி வண்டிக்கு ஓர் அளவு, லோடு வண்டிக்கு ஓர் அளவு. முதலில் அதைப் படியுங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடாகாதபோது பாருங்கள்.

மாதவரம் வாசகர்: பின்னால் 2 பட்டை (லீஃப் ஸ்பிரிங்) கூடுதலாகப் போட்டால் இன்னும் அரை டன் ஏற்றலாமா?

கூடாது. பட்டை சேர்த்தால் வண்டி உட்காராது, அவ்வளவுதான். ஆக்சில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் அதே பழையவைதான். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடையும் அப்படியேதான் இருக்கும். இன்னொன்றைப் பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்ன கம்பியோடு லோடு சென்சிங் வால்வு இருக்கிறது. பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறதோ அதை வைத்துத்தான் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பட்டை சேர்த்ததும் லோடு ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. வண்டி காலி என்று வால்வு எடுத்துக்கொள்ளும், பின் பிரேக் குறையும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் அப்படி ஒரு வண்டியை ஓட்டாதீர்கள். தளர்ந்த பட்டைக்குப் பதில் அதே அளவில் புதுப் பட்டை மாற்றுவது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யலாம். மாற்றிய பின் 500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யு-போல்ட்டை மறுபடி டைட் செய்ய வேண்டும்.

காசிமேடு வாசகர்: மீன் பெட்டி ஏற்றும் வண்டி. அடிப்பக்கம் துரு பிடிக்கிறது. வாட்டர் சர்வீஸில் ஒவ்வொரு முறையும் பழைய என்ஜின் ஆயிலை டீசலில் கலந்து அடித்துத் தருகிறார்கள். போதுமா?

போதாது என்பதோடு, அதை இன்றோடு நிறுத்துங்கள். பல வருடமாகச் சொல்லி வருகிறேன், பழக்கம் மட்டும் போகவில்லை. பழைய ஆயில் உப்பை அகற்றாது. ஐஸ் உருகி ஒழுகிய உப்புத் தண்ணீர் தகட்டு மடிப்புக்குள் நிற்கிறது. அதன் மேல் ஆயிலை அடித்தால் உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கும். வெளியே கறுப்பாகப் பளபளக்கும், உள்ளே தகடு கரையும். பட்டை புஷ், பிரேக் ஹோஸ் போன்ற ரப்பர்களை ஆயிலும் டீசலும் உப்பிப் போக வைக்கும். பிரேக் டிரம்முக்குள் போனால் ஆபத்து. சாலையில் சொட்டினால் பின்னால் பைக்கில் வருபவர் வழுக்கி விழுவார். மணலும் தூசும் அதில் ஒட்டி ஈரத்தை இன்னும் பிடித்து வைக்கும்.

இரண்டாவது தவறு கழுவும் தண்ணீரில். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கடலோரத் தெருக்களிலும் பல போர் கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அந்தத் தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவினால் உப்பைப் பூசிவிடுகிறீர்கள். கண்ணாடியில் நாலு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். வெள்ளையாகப் படிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். மெட்ரோ வாட்டர் கிடைத்தால் நல்லது, மழைநீரைப் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது. மீன் ஏற்றிய அன்றே ரெண்டு மூன்று பக்கெட் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வண்டிப் பெட்டியின் ஓரமும் டெயில் கேட் கீழ் மடிப்பும் நனைய வேண்டும். சோப்பைவிட இதுதான் முக்கியம்.

அடுத்து, வடிகால் துளைகள். டெயில் கேட் அடியிலும், கதவுகளின் அடியிலும், சேஸிஸ் பெட்டிக் குழாயிலும் துளைகள் இருக்கும். மீன் செதிலும் மண்ணும் அடைத்திருக்கும். ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை உள்ளே விட்டுக் குடையுங்கள். முதலில் பழுப்புத் தண்ணீர் வரும், தெளிவாக வரும் வரை விடாதீர்கள். பிறகு சின்ன சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாகக் கேட்கும், துரு செதிலாக உதிரும். பட்டையைத் தாங்கும் ஹாங்கர் சேஸிஸில் சேரும் இடத்தில் அப்படிக் கேட்டால் வீட்டில் வேலை பார்க்க வேண்டாம், தெரிந்த ஃபேப்ரிகேட்டரிடம் போங்கள்.

மேலோட்டமான துரு என்றால் நீங்களே செய்யலாம். நல்ல தண்ணீரில் கழுவி ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிடுங்கள். வயர் பிரஷ் போட்டு உதிர்வதை எல்லாம் உதிர்த்த பிறகு ரஸ்ட் கன்வெர்ட்டர், அது காய்ந்ததும் எபாக்சி பிரைமர், அதன் மேல் சேஸிஸ் பிளாக் பெயின்ட். பெட்டிக் குழாயின் உள்ளே துளை வழியாக கேவிட்டி வேக்ஸ் (உள்பக்கத்துக்கான மெழுகு) அடியுங்கள். ரப்பர் கோட்டிங்கைத் துருவின் மேலேயே அடிப்பவர்களும் உண்டு, அதுவும் பழைய ஆயில் கதைதான். சைலன்சர், பிரேக் டிஸ்க், ரப்பர் மேல் எதுவும் படக்கூடாது. பெட்டியில் பிளாஸ்டிக் லைனர் கிடந்தால் மாதம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அதன் அடியில்தான் உப்புத் தண்ணீர் குடியிருக்கிறது.

இதையெல்லாம் செய்ய அடியில் படுக்கும்போது ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். ஜாக் ஸ்டாண்டு வைத்துவிட்டுப் படுங்கள்.

ராயபுரம் வாசகர்: ஹெட்லைட் மங்கல். எல்.இ.டி. பல்பு போடலாமா?

ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் சொருகினால் ஒளி சிதறும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். உங்களுக்கும் தூரம் கூடாது. கடற்காற்றில் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போயிருந்தால் லைட்டையே மாற்றுவதுதான் வழி. பூச்சு நன்றாக இருந்தால் என்ஜின் ஓடும்போது பல்பு சாக்கெட்டில் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 14 இருந்து பல்பில் 12க்குக் கீழே இருந்தால் வயரிங்தான் குற்றவாளி. அசல் 60/55 வாட் பல்போடு ரிலே போட்ட வயரிங் கிட் மாட்டினாலே போதும். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். புது மாடல்களில் கம்பெனி வயரை வெட்டவே வெட்டாதீர்கள்.

எண்ணூர் வாசகர்: பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி (புல் பார்) மாட்டலாமா?

வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இடித்தால் அதிர்ச்சி நேராக சேஸிஸுக்கு வரும், ஏர்பேக் நேரம் தவறும், குறுக்கே வந்தவர் பிழைக்க மாட்டார்.

கொருக்குப்பேட்டை வாசகர்: ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிந்த) வண்டி. குடும்பத்தோடு ஊருக்குப் போக, பெட்டியில் பெஞ்ச் வெல்டு செய்யலாமா?

கூடாது. பெட்டி சாமானுக்கு, ஆளுக்கு அல்ல. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் சட்டத்திலேயே இருக்கிறது. பணம் போகட்டும், பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைக்காதீர்கள்.

வியாசர்பாடி வாசகர்: மழையில் தண்ணீர் சீட் வரை ஏறியது. வடிந்ததும் ஸ்டார்ட் செய்தேன், ஓடுகிறது. வேறு எதுவும் பார்க்க வேண்டுமா?

ஸ்டார்ட் செய்திருக்கவே கூடாது. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எத்தனை பேருக்கு எழுதினேன்! தண்ணீர் சிலிண்டருக்குள் இருந்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். என்ஜின் புரொடெக்ட் சேர்க்காத பாலிசியில் அதற்குப் பெரும்பாலும் பணம் வராது. தப்பித்துவிட்டீர்கள், சரி. இப்போது என்ஜின், கியர், டிஃபரன்ஷியல் மூன்று ஆயிலையும் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அன்றைக்கே மாற்றுங்கள். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். டிரம்மைக் கழற்றிச் சேற்றை எடுத்து, வீல் பேரிங்குக்குப் புது கிரீஸ் வையுங்கள். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் சின்ன துளையான பிரீதரிலிருந்து ஒரு ஹோஸ் போட்டுப் பெட்டி உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும், உங்கள் ஏரியாவில் அவசியமான மாற்றம் அது.

மணலி புதுநகர் வாசகர்: கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றலாமா?

கூடவே கூடாது. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. குறைந்துகொண்டே போனால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: பி.எஸ்.6 டீசல். டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு அடிக்கடி எரிகிறது. ஃபில்டரை எடுத்துவிடச் சொல்கிறார் மெக்கானிக்.

எடுக்காதீர்கள், புகைச் சான்றிதழுக்கும் வாரண்டிக்கும் சிக்கல். துறைமுகச் சாலை நெரிசலில் ஊர்ந்தே ஓடுவதால் கரி எரிவதற்கான சூடு வரவில்லை. வாரம் ஒருமுறை மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஒரு 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். அப்படியும் அணையாவிட்டால் சர்வீஸ் சென்டர்.

பெயரும் ஊரும் எழுதாத ஒருவர்: பின் சக்கரம் கழற்றி பிரேக் ஷூ மாற்ற, வண்டியை ஹாலோ பிளாக் மேல் நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள், சொல்லாமல் உடையும். நல்ல ஸ்டாண்டு ஒரு ஜோடி 2,000 ரூபாய் அளவில் கிடைக்கிறது, வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, சமமான சிமென்ட் தரையில் மட்டும் செய்யுங்கள்.