மலை ஊரில் பட்டாளத்துக் குடும்பங்களுக்கு உதவிக் குழு: பணம் எங்கிருந்து, வேலை எப்படி?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் ஊரைச் சுற்றிப் பட்டாளத்துக்குப் போனவர்களின் குடும்பங்கள் பதினைந்துக்கு மேல் இருக்கின்றன. அவர்களுக்காக ஒரு சின்ன உதவிக் குழு தொடங்க ஆசை. பணத்துக்கு என்ன வழி? என்ன செய்தால் உண்மையாகவே பயன்படும்?

நான் குன்னூர் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்காரர் ஆர்ட்டிலரியில், அதாவது பீரங்கிப் படையில், ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு வருடமாக நாங்கள் சில பெண்கள் சேர்ந்து நீங்கள் கேட்கும் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதலில் பணத்தைத் தேடி அலையாதீர்கள். இந்தக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய பணம் ஏற்கெனவே இருக்கிறது. அது மலையேறி வீட்டு வாசல் வரைக்கும் வருவதில்லை, அவ்வளவுதான். அதைக் கொண்டுவந்து சேர்க்க ஆள்தான் வேண்டும்.

நீலகிரி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு வெலிங்டன்தான் நினைவுக்கு வரும். மதராஸ் ரெஜிமென்ட் சென்டர், ஸ்டாஃப் காலேஜ், மிலிட்டரி ஆஸ்பத்திரி, கேன்டீன் எல்லாம் அங்கே இருப்பதால் எங்களுக்கு என்ன குறை என்று கேட்பார்கள். கன்டோன்மென்ட் என்கிற ராணுவப் பகுதிக்குள் இருக்கும் குடும்பத்துக்குக் குறை இல்லைதான். பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் ஒரு ஜவானின் அம்மாவுக்கு அந்தக் கதை பொருந்தாது. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருப்பது ஊட்டியில். கூடலூரிலிருந்தே கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர், பந்தலூர் அதற்கும் அப்பால். காலை பஸ்ஸைப் பிடித்து நடுவட்டம் வழியாக மேலே வந்து, ஒரு ஜெராக்ஸ் குறைகிறது என்று கேட்டுத் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்கு எஸ்டேட்டில் பேர் விழாது, கூலியும் போச்சு. இரண்டு தடவை இப்படி ஆனவர்கள் மூன்றாவது தடவை கிளம்ப மாட்டார்கள்.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கணவர் இறந்து குடும்பப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்குப் பென்ஷன் நின்றுபோயிருந்தது. வருடா வருடம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்று போகவில்லை. பேரன் இரண்டு முறை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறான், கைரேகை விழவே இல்லை. பாட்டியின் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். நாற்பது வருடம் கொழுந்து பறித்த விரல்கள். நுனியில் கறை ஏறி, ரேகை தேய்ந்து, வழவழவென்று இருந்தன. "நான் உசிரோடதான் இருக்கேன், மெசினுக்குத் தெரிய மாட்டேங்குது"ன்னு சொல்லி அழுதார்.

இப்போது போனிலேயே முகத்தைக் காட்டிச் சான்று பதியலாம், 2021 நவம்பரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் இருட்டு, வெளியே மஞ்சு இறங்கி நின்றது. பாட்டியை வாசல் திண்ணையில் உட்கார வைத்து, தலையில் சுற்றியிருந்த துண்டை எடுக்கச் சொல்லி, கண்ணைச் சிமிட்டச் சொன்னேன். வெட்கப்பட்டார். நாலாவது தடவை பதிவாயிற்று. பிறகு பென்ஷன் நிலுவையோடு வந்து சேர்ந்தது. எங்களுக்கு ஆன செலவு இரண்டு பேரின் பஸ் காசு மட்டும்.

சரி, பண விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 7 கொடிநாள் எல்லாருக்கும் தெரியும், 1949 முதல் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திக்கொண்ட அந்தச் சின்னக் கொடிக்குக் கொடுத்த காசு எங்கே போகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. மத்திய அளவில் படைவீரர் கொடிநாள் நிதி என்று ஒன்று இருக்கிறது. அதன் கீழே பாதுகாப்பு அமைச்சர் பெயரிலான முன்னாள் படைவீரர் நல நிதி. டெல்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டு, அதாவது மத்திய படைவீரர் நல வாரியம், இதை நடத்துகிறது. ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், மாவட்ட அலுவலகம் சரிபார்த்து மேலே அனுப்பும்.

இதில் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது வறுமை உதவித்தொகை. ஹவில்தார் பதவி வரைக்கும் இருந்து, பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களுக்கும் அவர்களின் விதவை மனைவிகளுக்கும் உரியது. 65 வயது தாண்டியிருக்க வேண்டும். மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். ஜவான்களுக்குப் பென்ஷன் கிடைக்கப் பொதுவாக 15 வருட சர்வீஸ் வேண்டும். எட்டு வருடம், பத்து வருடத்தில் வீட்டுக் கஷ்டத்தால் வந்துவிட்டவர்கள் எங்கள் ஹட்டிகளில், அதாவது மலைக் கிராமங்களில், எத்தனையோ பேர். "பென்ஷனே இல்லை, வேறென்ன கிடைக்கப் போகிறது" என்று பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கைத் தகரப் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். மலை ஈரத்தில் அது பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்கிறது. உங்கள் குழுவின் முதல் வேலையாக அந்தப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.

அதே நிதியிலிருந்து பிள்ளைகள் படிப்புக்கும் உதவி உண்டு. இரண்டு பிள்ளைகள் வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை, ஆளுக்கு மாதம் 2,000. மகள் கல்யாணத்துக்கு ஒரு லட்சம். தொழிற்படிப்பு என்றால் பிரதமர் பெயரிலான கல்வி உதவித்தொகை, பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. இதற்குப் போட்டி உண்டு, மதிப்பெண் பார்ப்பார்கள், கடைசித் தேதி தவறினால் அந்த வருடம் போயிற்று. மாநில அரசின் உதவிகள் தனி, அதற்கும் அதே மாவட்ட அலுவலகம்தான்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். எல்லைப் பாதுகாப்புப் படை (பி.எஸ்.எஃப்.), மத்திய ரிசர்வ் போலீஸ் (சி.ஆர்.பி.எஃப்.) குடும்பங்களும் ஊரில் 'பட்டாளத்து வீடு'தான். ஆனால் அவர்கள் உள்துறையின் கீழ் வருகிறவர்கள், சைனிக் போர்டு உதவிகள் அவர்களுக்கு வராது. தெரியாமல் விண்ணப்பம் போட வைத்து ஒரு குடும்பத்தை ஏமாற்றத்துக்கு ஆளாக்கியிருக்கிறோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம், குழுவுக்கென்று எவ்வளவு வேண்டும்? நாங்கள் முப்பது வீடுகள் மாதம் நூறு ரூபாய் போடுகிறோம். பஸ் காசு, ஜெராக்ஸ், நோட்டரி, சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ரிஜிஸ்டர் தபால், இவைதான் செலவு. ஆர்ட்டிலரிக்கு நாசிக், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர். மனைவி பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட அங்கிருந்துதான் திருத்தி வர வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், சர்வீஸ் பேப்பரில் ஒரு பெயர் என்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் சிக்கல். கணவர் உயிரோடு, அதுவும் சர்வீஸில் இருக்கும்போதே சரிசெய்துவிட்டால் பாதிக் கஷ்டம் குறையும். லீவில் வரும் பையன்களைப் பிடித்து முதலில் இதைக் கேளுங்கள்.

வசூல் கணக்கை ஒரு நோட்டில் எழுதி, மாதத்தின் முதல் ஞாயிறு எல்லார் முன்னும் வாசிக்கிறோம். கொடிநாள் பெயரைச் சொல்லி நீங்களாக வசூல் செய்யாதீர்கள், அது மாவட்ட நிர்வாகத்தின் வேலை. குழு பெரிதானால் டிரஸ்ட்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்யலாம். சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். கம்பெனிகள் சமூக நலனுக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தில் முன்னாள் படைவீரர், போர் விதவைகள் நலன் ஓர் இனமாகவே 2013 கம்பெனிச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை வாங்க வருமான வரிப் பதிவு, கம்பெனி அமைச்சகத்தில் பதிவு எல்லாம் வேண்டும், ஆடிட்டர் வேண்டும். பதினைந்து குடும்பத்துக்கு அந்தச் சுமை இப்போது தேவையில்லை என்பது என் கருத்து.

காகிதத்தோடு சேர்ந்து இன்னொரு வேலையும் இருக்கிறது. 2009 நவம்பர் மழையில் எங்கள் மலையில் மண் சரிந்து சாலைகள் அறுந்தபோது வீட்டுக்காரர் எல்லையில் இருந்தார். கைக்குழந்தையோடு நான் தனியாக இருந்தேன். போன் இல்லை, கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மூன்று ராத்திரியும் வந்து என்னோடு படுத்துக்கொண்டார். வேறொன்றும் செய்யவில்லை. அதனால்தான் எங்கள் குழுவில் எந்த வீட்டில் ஆம்பளை எல்லைப் பக்கம் ஃபீல்டில் இருக்கிறார், யார் மாசமாக இருக்கிறார்கள், எங்கே வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். மழை பிடித்தால் ஆளுக்கு நாலு வீடு, போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

உங்களுக்கு மாவட்ட அலுவலகம் திண்டுக்கல்லில். மன்னவனூர், பூம்பாறை பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கிப் போவது கட்டாது. பதினைந்து குடும்பத்தின் பேப்பரையும் முதலில் சேர்த்துக்கொண்டு, இரண்டு பேர் மட்டும் ஒரு நாள் போங்கள். போவதற்கு முந்தின நாள் அலுவலகத்துக்குப் போன் செய்து என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள்.