ஒரே சொல் இரண்டு தடவை ஏன்?

கேள்வி: சில லட்சம் சொற்கள் கொண்ட பட்டியலில் இரட்டைப் பதிவுகளை நீக்க பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓடி முடித்த பிறகும் 'கொடி' இரண்டு தடவை நிற்கிறதே, ஏன்?

பதில்: நம் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் முதலில் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் மூலம் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகள் ஒன்றாகச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். வரி ஓரத்து இடைவெளிகளைப் பைத்தானின் ஸ்ட்ரிப் கட்டளை பார்த்துக்கொள்ளும். சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அகலமில்லா இணைப்பான்களை (கண்ணுக்குத் தெரியாத குறியெண்கள்) நார்மலைஸ், ஸ்ட்ரிப் இரண்டுமே தொடாது. தனியாக நீக்க வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது ஔகாரம்தான். 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டி 'கெளரவம்' என்று வைத்திருப்பார்கள். நார்மலைஸ் இதைச் சேர்க்காது. எல்லா 'கெள'வையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினாலோ 'கெளுத்தி' சிதைந்துவிடும். தயவுசெய்து இவற்றை மட்டும் தனியே பிரித்து, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். அகராதி வேலைக்கு அந்த உழைப்பு தகும்.

மூல வரிசை மாறக்கூடாது என்றால், இரட்டைகளை நீக்க வரிசை காக்காத செட் என்ற தொகுப்பு வேண்டாம், சொற்களைச் சாவிகளாக வைக்கும் டிக்ட் பயன்படுத்துங்கள். பைத்தான் 3.7 முதல் அது சேர்த்த வரிசையை அப்படியே காக்கும்.